கெசியா திறந்த காலி ஃபைல்

ஆம்பூர் பைபாஸுக்கு அந்தப் பக்கம் இருந்த ஷூவின் மேல்பாகம் மட்டும் தைக்கும் அப்பர் கம்பெனியில் கெசியா ஐந்து வருஷம் நின்றாள். நின்றாள் என்றால் நிஜமாகவே நின்றாள். செக்கிங் டேபிளில் ஸ்டூல் கிடையாது. தைத்து வரும் ஒவ்வொரு ஜோடியையும் கையில் எடுத்து, நூல் பிசிறு இருக்கிறதா, தையல் ஓடிப்போயிருக்கிறதா, தோலில் தழும்பு இருக்கிறதா என்று பார்த்து, குறை தெரிந்தால் வெள்ளிப் பேனாவால் சின்ன அம்புக்குறி போட்டுத் தள்ள வேண்டும். அந்த மாட்டுக்கு உயிரோடு இருந்தபோது எங்கெங்கே முள் குத்தியது என்று அவள் தடவிப் பார்த்தே சொல்லிவிடுவாள். தன் காலில் எங்கெங்கே வலிக்கிறது என்பதை மட்டும் சாயங்காலம் ஊருக்குள் பெத்லகேம் பகுதியில் இருந்த வீட்டுக்குப் போய், அம்மா கிரேஸி தைலம் தேய்க்கும்போதுதான் கண்டுபிடிப்பாள்.

அப்படி நின்றுகொண்டே அஞ்சல் வழியில் பி.சி.ஏ. முடித்தாள். யாருக்கும் தெரியாது. தெரிந்தவர்களும் அதை ஒரு வியாதி மாதிரிதான் விசாரித்தார்கள். "இன்னும் படிக்கிறியா? எப்ப சரியாவும்?"

சரியானது 2008-ல். ஜெர்மனிக்காரர்கள், அதாவது கம்பெனியின் பெரிய ஆர்டரெல்லாம் கொடுப்பவர்கள், ஒரு கடிதம் போட்டார்கள். தங்கள் ஷூக்களின் அளவுப் பட்டியல் முழுவதும் பூட்டி வைக்கப்பட வேண்டும்; கம்ப்யூட்டரையே யாராவது தூக்கிக்கொண்டு போனாலும் உள்ளே இருப்பதைப் படிக்க முடியக்கூடாது. மேனேஜர் நிசார் அஹமது சென்னைக்கு ஃபோன் போட்டு அப்படி ஒரு பூட்டுக்கு விலை கேட்டார். கேட்டுவிட்டு ஃபோனை வைத்து இரண்டு டம்ளர் தண்ணீர் குடித்தார்.

கெசியா அன்றைக்கு அவர் ரூமுக்குப் போனாள்.

"சார், இலவசமா ஒரு ஆப்பரேட்டிங் சிஸ்டம் இருக்குது. அதுக்குள்ளயே இந்தப் பூட்டும் இருக்குது. நான் போட்டுத் தர்றேன்."

"இலவசமா எவன்மா பூட்டு தருவான்?"

"உலகம் பூரா ஆளுங்க சேந்து எழுதறாங்க சார். யாரு வேணும்னாலும் உள்ள இருக்கறதப் பாக்கலாம், திருத்தலாம்."

"யாரு வேணும்னாலும் உள்ள பாக்கலாம்னா அப்பறம் அது இன்னா பூட்டு?"

"பூட்டு செய்யற விதத்த எல்லாரும் பாக்கலாம் சார். சாவி நம்மகிட்டதான்."

நிசார் அஹமது அவளை மேலும் கீழும் பார்த்தார். செக்கிங் டேபிளில் நிற்கும் பெண் ஒருத்தி இப்படிப் பேசி அவர் கேட்டதில்லை. "சரி. ஸ்டோர் ரூம் பக்கத்துல ஒரு ரூம் காலியா கெடக்குது. போட்டுக் காட்டு. ஓடுச்சுன்னா அங்கயே குந்திக்கோ. ஓடலன்னா செக்கிங் டேபிள் எங்கயும் ஓடிடல."

அவ்வளவுதான் ஒப்பந்தம். கெசியா உட்கார்ந்தாள்! முதல் நாள் சாயங்காலம் வீட்டுக்குப் போய் தைலம் வேண்டாம் என்றாள். கிரேஸி தைல பாட்டிலைக் கையில் வைத்துக்கொண்டு கண் கலங்கி ஒரு ஸ்தோத்திரம் சொன்னாள்.

*

அந்த ரூமில் இருந்த மெஷினின் சாவிச்சொல் இரண்டே பேருக்குத் தெரியும். ஒன்று கெசியா. இன்னொன்று பேட்டர்ன் மாஸ்டர் கோதண்டபாணி. குடியாத்தத்தில் லுங்கி நெய்யும் வீட்டில் பிறந்து, தறிச் சத்தம் ஆகாமல் ஓடிவந்து, தோலுக்குள் விழுந்து இருபத்திரண்டு வருஷம் ஆனவர். ஒரு காலைப் பார்த்தால் எட்டா ஒன்பதா என்று செருப்பைக் கழற்றாமலே சொல்லுவார். எந்தப் புது ஷூ வந்தாலும் அதன் அளவுப் பட்டியலை அவர்தான் தயார் செய்ய வேண்டும். இரண்டு விரலால் தட்டித் தட்டி, பூட்டு ஃபோல்டரில் போடுவார்.

எல்லாம் நன்றாகத்தான் ஓடியது. திங்கட்கிழமை தவிர.

திங்கட்கிழமை காலை சரியாக ஒன்பது மணி ஐந்து நிமிஷம். கோதண்டபாணி மவுஸைக் கிளிக் செய்வார். மெஷின் ஒரு நொடி யோசிக்கும். பிறகு திரை கறுத்து, வெள்ளை எழுத்தாகக் கொட்டி, அப்படியே உறைந்துவிடும். கீபோர்டில் இரண்டு சின்ன விளக்கு மட்டும் மினுக் மினுக் என்று அடிக்கும்.

"கெசியாம்மா, கண்ணடிக்குதும்மா இது."

"கண்ணடிக்கல மாஸ்டர். செத்துப்போய்ட்டேன்னு சொல்லுது."

"செத்தது எங்கயாவது கண்ணடிக்குமா?"

ஏழு திங்கட்கிழமையில் ஐந்து தடவை இப்படி. மறுபடி ஆன் செய்தால் சமர்த்தாக ஓடும். அடுத்த திங்கள் வரை ஒரு குறையும் இருக்காது. கெசியா கரண்டைச் சந்தேகப்பட்டாள். எலியைச் சந்தேகப்பட்டாள். காற்றில் வரும் தோல் பதனிடும் வாசனை மெஷினுக்குள் போய் ஏதாவது செய்கிறதோ என்றுகூடச் சந்தேகப்பட்டு ஜன்னலில் பழைய துணி அடைத்தாள். ஃபைலைப் படிப்பது, எழுதுவது, அழிப்பது, புதிதாக உண்டாக்குவது என்று எல்லாவற்றையும் நூறு தடவை செய்து பார்த்தாள். ஒன்றும் ஆகவில்லை. மெஷின் அவள் கையில் தங்கம். மாஸ்டர் கையில், அதுவும் திங்கட்கிழமை, பிணம்.

விஷயம் வெளியே பரவியது. கிரேஸி ஒரு நாள் சாப்பாட்டு நேரத்தில் வந்து, ஜெபித்த எண்ணெயை ஒரு சொட்டு எடுத்து மெஷினின் நெற்றி என்று தனக்குத் தோன்றிய இடத்தில் வைத்துவிட்டுப் போனாள். அது சி.டி. போடும் தட்டு. அதற்கப்புறம் அது கிரீச்சிடாமல் வழுக்கிக்கொண்டு வந்தது, அது ஒன்றுதான் பலன். நிசார் அஹமது ஓதிய கறுப்பு நூல் ஒன்றை மானிட்டர் காலில் கட்டினார். கோதண்டபாணி எலுமிச்சம்பழத்தை யு.பி.எஸ். மேல் வைத்தார்.

"எல்லா பக்கமும் சொல்லியாச்சு" என்றார் நிசார் அஹமது. "இன்னும் அசரலயே, பேஜாரா இருக்குதே."

பேஜார் முற்றியது ஒரு வியாழக்கிழமை. ஜெர்மனியிலிருந்து ஆடிட்டர் வருகிறார் என்று மெயில். பூட்டு எப்படி வேலை செய்கிறது என்று நேரில் பார்க்க வேண்டுமாம். புது ஆர்டரின் முதல் அளவுப் பட்டியலை அவர் கண் முன்னால் திறந்து காட்ட வேண்டுமாம். வருகிற நாள், திங்கட்கிழமை. நேரம், காலை ஒன்பது.

நிசார் அஹமது அந்த மெயிலை அச்சடித்துக் கொண்டுவந்து கெசியாவின் மேஜையில் வைத்தார். ஜன்னல் வழியாக செக்கிங் டேபிளை ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போனார்.

*

வெள்ளிக்கிழமை காலை கெசியா அதுவரை பார்க்காத ஒன்றைப் பார்த்தாள். மெஷின் எப்போது எழுந்தது, எப்போது படுத்தது என்று அதுவே ஒரு குறிப்பு எழுதி வைத்திருக்கும். அவள் எப்போதும் ஒன்பது ஐந்தைச் சுற்றித்தான் தேடியிருந்தாள். இப்போது திங்கட்கிழமையை முழுசாகப் படித்தாள்.

ஏழு பன்னிரண்டுக்கு எழுந்திருக்கிறது. ஏழு இருபத்தாறுக்குப் படுத்திருக்கிறது. கம்பெனி திறப்பதே எட்டரைக்கு!

முந்தின திங்கள்? ஏழு பத்து, ஏழு இருபத்தெட்டு. விழாத இரண்டு திங்கட்கிழமைகளில்? அந்த நாட்களில் அதிகாலையில் யாருமே தொடவில்லை.

கெசியா வாட்ச்மேன் மூர்த்தியிடம் ஓடினாள்.

"மூர்த்திண்ணா, திங்கக்கிழம காலைல என் ரூமுக்குள்ள யாரு போறது?"

"நானா? அட போம்மா. எனக்கு டிவி ரிமோட்டே வராது."

"நீங்கன்னு சொல்லல. யாருன்னு கேக்குறேன்."

மூர்த்தி பீடியைக் காலால் நசுக்கினார். "நான் சொன்னேன்னு சொல்லாத. மாஸ்டர்தான் ஏழு மணிக்கு வந்து சாவி வாங்கினு போவாரு. கால் மணி நேரம். அப்பால வந்து இட்லி துன்னுட்டு எட்டரைக்கு இப்பதான் வர்ற மாரி வருவாரு."

கோதண்டபாணி அட்டை வெட்டிக்கொண்டிருந்தார். கெசியா எதிரே போய் நின்றாள். அவர் முகத்தைப் பார்த்ததுமே கத்தியைக் கீழே வைத்துவிட்டார்.

"மூர்த்தி சொல்லிட்டானா?"

"மெஷினே சொல்லிடுச்சு மாஸ்டர். இன்னா பண்றீங்க ஏழு மணிக்கு?"

"ஒண்ணும் பண்ணலம்மா. சத்தியமா ஒண்ணும் பண்ணல. பேரு மட்டும்தான் வெக்கிறேன்."

"இன்னா பேரு?"

பிறகு மெல்ல மெல்ல எல்லாம் வந்தது. புது ஆர்டர் வேலை எப்போதும் திங்கட்கிழமைதான் தொடங்கும். திங்கட்கிழமை ஏழரை முதல் ஒன்பது வரை ராகு காலம். கம்பெனி திறப்பது அதன் நட்ட நடுவில். புது வேலையை அதில் எப்படித் தொடங்குவது? அதனால் ஏழு மணிக்கே வந்து, மெஷினைப் போட்டு, புது ஆர்டரின் பேரில் ஒரு ஃபைலை மட்டும் உண்டாக்கி, உள்ளே ஒரு எழுத்தும் எழுதாமல் வைத்துவிடுவார். வேலை தொடங்கியாகிவிட்டது. ஒன்பதுக்கு மேல் திறந்து எழுதினால் அது தொடர்ச்சிதான், தொடக்கம் இல்லை. அந்தக் காலத்தில் பேப்பரில் செய்தபோதும் அப்படித்தான். அட்டையில் பேரை எழுதி மூடி வைத்துவிடுவார்.

"சரி. அத்த ஏன் ஆஃப் பண்றீங்க?"

கோதண்டபாணி அவளைக் குழந்தையைப் பார்ப்பது போலப் பார்த்தார். "ராகு காலத்துல மெஷின் ஓடினே இருந்தா, அப்ப வேல ராகு காலத்துலயும் நடக்குதுன்னுதான கணக்கு?"

"மெஷின் செத்த அப்பறம் அந்த ஃபைல் எங்க போச்சு? நான் எவ்ளோ தேடினேன் தெரியுமா?"

"அந்தப் பேருக்கு ராசி இல்லன்னு அழிச்சுட்டு, வேற பேர்ல போட்டு உடனே எழுதிடுவேன்."

கெசியா அட்டைக் குவியல் மேல் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தது. காலி ஃபைல் உண்டாக்க வேண்டும். ஒரு எழுத்தும் எழுதக்கூடாது. மெஷினை அணைக்க வேண்டும். மறுபடி போட்டுத் திறக்க வேண்டும். அவள் நூறு தடவை சோதித்ததில் இதைச் செய்யவே இல்லை. உலகத்தில் வேறு யாருமே செய்திருக்க மாட்டார்கள்!

ரூமுக்கு இழுத்துக்கொண்டு போனாள். மாஸ்டர் பேர் வைத்தார். அணைத்தார். போட்டார். திறந்தார். கறுப்புத் திரை, வெள்ளை எழுத்து, மினுக் மினுக்.

"சூப்பர் மாஸ்டர்!" என்று கெசியா கத்தினாள்.

ஸ்டிட்சிங் ஹாலில் இருபது தலை திரும்பியது. மெஷின் செத்ததற்கு அந்தப் பெண் குதிப்பதை எல்லோரும் பார்த்தார்கள்.

*

நிசார் அஹமதுக்கு இது இரண்டு நிமிஷ விஷயமாகத் தெரிந்தது. "இவ்ளோதானா? மாஸ்டர், திங்கக்கிழம கம்முனு வூட்ல இருங்க. முடிஞ்சுது."

"முடியாது பாய்."

"ஏன் முடியாது?"

"இது இந்த வருஷத்துலயே பெரிய ஆர்டரு. ராகு காலத்துல தொடங்கி, நாளைக்கு எழுபதாயிரம் ஜோடியும் சுண்டு வெரல்ல இடிச்சா யாரு பதில் சொல்றது? என்னால ஆவாது. வேற ஆள வெச்சிக்கங்க."

"ஒன்பது மணிக்கு மேல தொடங்குங்களேன்?"

"வெள்ளக்காரன் ஒன்பதுக்கு வர்றான். அவன் வந்து நிக்கறச்சே பேரு வெக்கிறதா? வர்றவன் முன்னாடி சோறு வடிக்கிற மாரி."

நிசார் அஹமது நாற்காலியில் சாய்ந்தார். இருபத்திரண்டு வருஷ மாஸ்டர் ஒரு பக்கம், இரண்டு மாச மெஷின் ஒரு பக்கம். அவருக்கு அது தராசே இல்லை. "கெசியா, கேட்டுக்கோ. மாஸ்டர மாத்த முடியாது. திங்கக்கிழம அந்த மெஷின் வெள்ளக்காரன் முன்னாடி வுழுந்துச்சுன்னா சென்னைலர்ந்து காசு குடுத்தே வாங்கிடுவேன். அதுக்கு அவங்களே ஆள் அனுப்புவாங்க. நீ பழைய எடத்துக்குப் போயிடு. கோவிச்சுக்காத."

"ரெண்டு நாள் குடுங்க சார். அந்த சாஃப்ட்வேர் கோட நானே திருத்தறேன்."

"நீயா?"

"யாரு வேணும்னாலும் திருத்தலாம்னு சொன்னேன்ல சார்."

சொல்லிவிட்டாள். ரூமுக்கு வந்து கதவைச் சாத்தியதும்தான் யோசித்தாள். சி மொழியில் அவள் அதுவரை எழுதிய பெரிய புரோகிராம், கல்லூரித் தேர்வுக்காக மாணவர் மதிப்பெண்ணைக் கூட்டியதுதான்.

சாகும்போது மெஷின் கொட்டும் வெள்ளை எழுத்தில் எந்த இடத்தில் விழுந்தது என்று இருக்கும். செத்த மெஷினிலிருந்து அதை எடுக்க முடியாது. நிசார் அஹமதின் கேமரா ஃபோனை வாங்கிப் படம் எடுத்தாள். படம் மங்கி, பனியில் ரயில் வருகிற மாதிரி இருந்தது. கடைசியில் ஒரு ஷூ பெட்டி மூடியை எடுத்து வெள்ளிப் பேனாவால் ஒவ்வொரு வரியாகப் பார்த்து எழுதினாள். அதை வைத்து மூலக் கோடில் தேடினாள். சனிக்கிழமை மத்தியானம், ஆறாயிரம் வரிக்கு நடுவில், அந்த இடம் கிடைத்தது.

கோதண்டபாணி கூடவே ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்தார். தன்னால்தானே என்ற குற்ற உணர்ச்சி. அரை மணிக்கு ஒரு டீ வாங்கிக் கொடுத்துக்கொண்டே இருந்தார்.

"இன்னாம்மா சொல்லுது?"

"மாஸ்டர், பூட்டுன ஃபைல் ஒவ்வொண்ணோட தலையிலயும் ஒரு சீட்டு இருக்கும். எந்தச் சாவி, எப்படிப் பூட்டினதுன்னு. மொத எழுத்து எழுதறப்பதான் அந்தச் சீட்டு டிஸ்க்ல ஏறும். அதுவரைக்கும் மெஷின் ஞாபகத்துல வெச்சிருக்கும். நீங்க எழுதாம ஆஃப் பண்ணிட்டீங்க. ஞாபகம் போச்சு. மறுபடி தொறந்தா, சீட்டு இருக்குதுன்னு நம்பி, இல்லாத எடத்துல கைய வுட்டுடுது."

கோதண்டபாணி டீ டம்ளரைக் கீழே வைத்தார்.

"இல்லன்னா இல்லன்னு சொல்லிட வேண்டியதுதான? அதுக்கு இன்னாத்துக்கு சாகணும்?"

கெசியா திரும்பி அவரைப் பார்த்தாள். அவ்வளவுதான்! அதேதான்! சீட்டு இருக்கிறதா என்று முதலில் பார். ஃபைல் காலியாக இருந்து சீட்டும் இல்லையென்றால் பதறாதே, புதுச் சீட்டு போட்டுக் கொடு. நாலு வரி. கெசியா அதை எழுதும்போது கோதண்டபாணி மூச்சை அடக்கிக்கொண்டு பார்த்தார், ஊசியில் நூல் கோப்பதைப் பார்ப்பது போல.

*

நாலு வரி திருத்தினாலும் அந்த மெஷினில் ஆப்பரேட்டிங் சிஸ்டத்தின் கருவான கெர்னல் மொத்தத்தையும் மறுபடி கட்ட வேண்டும். அதற்கு நாலு மணி நேரம். அது கரண்ட் கட் காலம். இரண்டு மணி நேரம் போனால் எப்போது வரும் என்று மின்வாரியத்துக்கே தெரியாது. யு.பி.எஸ். கால் மணி தாங்கும், அதுவும் எலுமிச்சம்பழத்தை எடுத்துவிட்டால்.

ஞாயிற்றுக்கிழமை காலை மூன்றாவது தடவை கரண்ட் போய் எல்லாம் முதலிலிருந்து என்றபோது கெசியா நிசார் அஹமதுக்கு ஃபோன் போட்டாள். அவர் லுங்கியோடு வந்தார். கம்பெனி ஜெனரேட்டர் இருநூறு தையல் மெஷினுக்கானது. அதை ஒரே ஒரு கம்ப்யூட்டருக்காகப் போட்டார்கள். அந்தத் தெருவே அதிர்ந்தது. யார் வீட்டில் கல்யாணம், எங்கே பந்தல் என்று விசாரிக்க நாலு பேர் கேட்டுக்கு வந்தார்கள். மூர்த்தி எல்லோரிடமும் "உள்ள ஆபரேசன் நடக்குது" என்று சொல்லித் திருப்பி அனுப்பினார்.

கெசியா அதை ஓடவிட்டு ஆராதனைக்குப் போனாள். போகாவிட்டால் கிரேஸி மெஷினை விட மோசமாக உறைந்துபோவாள். சர்ச் ஐயர் பிரசங்கம் செய்தபோது கெசியாவின் மனசில் ஃபைல் ஃபைலாக ஓடிக்கொண்டிருந்தது. பக்கத்தில் கிரேஸி கண்ணை மூடிக்கொண்டு, "கர்த்தாவே, அந்த நாலு வரியையும் உம் கையில எடுத்துக்கும்" என்று முணுமுணுத்தாள். எந்த நாலு வரி என்று அவளுக்குத் தெரியாது.

மத்தியானம் வந்து பார்த்தால் கட்டி முடிந்திருந்தது. போட்டார்கள். காலி ஃபைலைத் திறந்தார்கள். சாகவில்லை! கோதண்டபாணி விசில் அடித்தார். பிறகு பழைய ஃபைல் ஒன்றைத் திறந்தார். காலி. இன்னொன்று. காலி. இரண்டு மாச அளவுகள், அத்தனையும் வெள்ளை வெளேர்.

"அம்மாடி" என்று கோதண்டபாணி சுவரைப் பிடித்துக்கொண்டார்.

கெசியா குனிந்து தன் டிபன் பையைத் தொட்டுப் பார்த்தாள். மெஷினில் இருந்தது நகல் டிஸ்க்தான். அசலை அவள் வெள்ளிக்கிழமையே கழற்றி அந்தப் பைக்குள் வைத்திருந்தாள். கோடைப் பார்த்தாள். காலியாக இருக்கிறதா என்று கேட்க வேண்டிய இடத்தில், காலியாக இரு என்று உத்தரவு போட்டிருந்தாள். இரண்டு சமக்குறி போட வேண்டிய இடத்தில் ஒன்று போட்டுவிட்டாள், அவ்வளவுதான்.

"இன்னொரு வாட்டி ஜெனரேட்டர் போடணும் சார்."

நிசார் அஹமது வானத்தைப் பார்த்தார். "டீசல் வாசன கல்யாண வாசன மாரி பழகிடுச்சு. போடு."

*

திங்கட்கிழமை ஏழு பத்துக்கு, இந்தத் தடவை திருட்டுத்தனமில்லாமல், கோதண்டபாணி பேர் வைத்தார். அணைத்தார். இட்லி சாப்பிடப் போகவில்லை. ஒன்பதுக்கு ஜெர்மன்காரர் வந்தார். உயரமான மனிதர், கையில் நீண்ட கேள்விப் பட்டியல். அந்தச் சின்ன ரூமில் அவர், நிசார் அஹமது, கெசியா, கோதண்டபாணி, வாசலில் மூர்த்தி, அவர் தோளுக்கு மேல் ஸ்டிட்சிங் ஹாலில் பாதி.

ஒன்பது ஐந்து. கோதண்டபாணி கிளிக் செய்தார். மெஷின் ஒரு நொடி யோசித்தது. அந்த ஒரு நொடியில் கெசியாவின் கால் தானாக நிற்கும் நிலைக்கு வந்துவிட்டது, எட்டரை முதல் ஐந்தரை வரை நிற்கிற அந்தப் பழைய நிலைக்கு.

திரையில் வெறும் வெள்ளைப் பக்கம். ஒரு எழுத்தும் இல்லை. மூலையில் கர்சர் மட்டும் துடித்தது.

ரூம் கைதட்டலில் வெடித்தது. மூர்த்தி விசிலடித்தார். நிசார் அஹமது கோதண்டபாணியைக் கட்டிப்பிடித்தார். கோதண்டபாணி தோளில் போட்டிருந்த துண்டால் கண்ணைத் துடைத்தார். ஜெர்மன்காரர் திரையைப் பார்த்தார். ஒன்றுமில்லை. கூட்டத்தைப் பார்த்தார். மறுபடி திரையைப் பார்த்தார், தனக்குத்தான் ஏதோ தெரியவில்லையோ என்று கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டினார். ஒன்றுமில்லாத ஃபைலுக்கு ஏன் கைதட்டுகிறார்கள் என்று ரொம்ப மரியாதையாகக் கேட்டார்.

கெசியா சொன்னாள். மூச்சுவிடாமல், தெரிந்த இங்கிலீஷில் எல்லாவற்றையும் சொன்னாள். அவர் கவனமாகக் கேட்டார். பட்டியலில் ஒரு வரி எழுதினார். அதைப் படித்ததும்தான் எல்லோர் முகமும் விழுந்தது. பூட்டு நன்றாக இருக்கிறது. ஆனால் இது அதிகாரப்பூர்வ வெர்ஷன் இல்லை, உள்ளூரில் கைவைத்த வெர்ஷன். மூன்று மாசத்துக்குள் இதே திருத்தம் அந்த ஆப்பரேட்டிங் சிஸ்டத்தின் அசல் வெளியீட்டிலேயே இருக்க வேண்டும். இல்லையென்றால் வேறு பூட்டு.

"அப்படின்னா?" என்றார் நிசார் அஹமது.

"உலகத்துக்கே ஒத்துக்க வெக்கணும் சார்."

"யாரு?"

"நான்தான்."

*

அன்று மத்தியானமே கெசியா அந்த நாலு வரியை, எழுதுபவர்கள் எல்லோரும் படிக்கிற மெயில் பட்டியலுக்கு அனுப்பினாள். மூன்று வாரம் ஒன்றும் வரவில்லை. தினமும் பத்து தடவை பார்த்தாள். நாலாவது வாரம் டென்மார்க்கிலிருந்து ஹென்ரிக் என்று ஒருவர், அந்தப் பகுதிக்குப் பொறுப்பானவர், பதில் போட்டார். திருத்தம் புரிகிறது. ஆனால் ஒருவர் ஏன் காலி ஃபைலை உண்டாக்கி, உடனே மெஷினை அணைத்து, ஒன்றரை மணி நேரம் காத்திருந்து திறப்பார்? நடக்காத ஒன்றுக்காகக் கோடை மாற்ற முடியாது.

"நடக்காததா?" கோதண்டபாணிக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. "இருபத்திரெண்டு வருசமா நடக்குது! எழுதும்மா. ஒண்ணும் வுடாம எழுது."

கெசியா எழுதினாள். திங்கட்கிழமை ஏழரை முதல் ஒன்பது. செவ்வாய்க்கிழமை மூன்று முதல் நாலரை. ஏழு நாளுக்கும் எழுதினாள். தமிழ்நாட்டில் எத்தனையோ கோடிப் பேர் நல்ல வேலையை இப்படித்தான் முன்கூட்டியே தொடங்கி வைப்பார்கள், அவர்கள் எல்லோரும் நாளைக்கு கம்ப்யூட்டர் வாங்கினால் உங்கள் பூட்டு ஒரே காலையில் மொத்தமாகச் சாகும் என்று எழுதினாள். கடைசியில், கோதண்டபாணி சொன்னதையும் சேர்த்தாள்: இல்லையென்றால் இல்லை என்று சொல்ல வேண்டியதுதானே, அதற்கு ஏன் சாக வேண்டும்?

இரண்டு நாளில் பதில். அந்தக் கடைசி வரிக்குத் தன்னிடம் மறுப்பில்லை என்றார் ஹென்ரிக். திருத்தத்தை எடுத்துக்கொள்கிறார். அடுத்த வெளியீட்டில் வரும், ஆறு வாரத்தில். ஒரே ஒரு பாக்கி: சோதித்துப் பார்த்தவர் என்று இன்னொருவர் பெயர் கீழே வேண்டும்.

கெசியா மெயிலை இரண்டு தடவை படித்தாள். பிறகு முகத்தை இரண்டு கையாலும் மூடிக்கொண்டு நாற்காலியில் குனிந்து, நன்றாக அழுதாள். நிசார் அஹமது வாசலில் வந்து நின்று, மெயிலைக் காட்டச் சொல்லி, ஒவ்வொரு வார்த்தையாகப் படித்தார். படித்து முடித்ததும் ஹாலைப் பார்த்து, "டேய், செக்கிங் டேபிளுக்கு வேற ஆள் பாருங்கடா. இந்தப் பொண்ணு வராது" என்று சத்தம் போட்டார்.

"மாஸ்டர், உங்க பேரு போடறேன்" என்றாள் கெசியா மூக்கை உறிஞ்சிக்கொண்டே. "சோதிச்சவரு, கோதண்டபாணி."

"வெறும் கோதண்டபாணின்னா எந்தக் கோதண்டபாணின்னு தெரிய வேணாமா? இனிஷியல் போடு. கு. கோதண்டபாணி."

"சரி."

"அட்ரஸ்?"

"அட்ரஸ் எல்லாம் கேக்க மாட்டாங்க மாஸ்டர்."

"கேக்கலன்னா நம்ம சொல்ல வேணாமா? நாளைக்கு அந்த நாலு வரில ஏதாவது ஒண்ணு ஆச்சுன்னா அந்த மனுசன் எங்க வந்து கேப்பாரு? எழுது. குடியாத்தம். சித்தூர் கேட்டுல எறங்கி, அரிசி மண்டி பக்கத்துச் சந்துல, பச்ச கதவு வூடு. யார கேட்டாலும் சொல்லுவாங்கன்னு போடு."

கெசியா எழுதினாள்.